டிக்கெட் வாங்காத ரஸிகன்

கம்பெனிகளின் ஆண்டு விழாவில் நடக்கிற கலை நிகழ்ச்சிகளைப் பற்றி யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. மார்கழிக் கச்சேரிக்கு எழுதுகிறார்கள். புதுப் படத்துக்கு எழுதுகிறார்கள். நாலு பேர் பார்த்த நாடகத்துக்குக்கூட எட்டுப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் பந்தல் கட்டி, ஆயிரம் நாற்காலி போட்டு, தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் என்ஜினீயர்களும் குடும்பத்தோடு வந்து உட்காருகிற ஒரு சபையில் என்ன நடந்தது, நடந்தது நன்றாயிருந்ததா என்று கேட்பார் இல்லை. இலவசமாகக் கிடைத்த விருந்தில் உப்பு இல்லை என்று சொல்லக் கூடாது என்ற நாகரிகம் காரணமாக இருக்கலாம். அந்த நாகரிகத்தைக் கொஞ்சம் மீறிப் பார்ப்போம்.

மீறுவதற்கு நியாயம் இருக்கிறது. பாட்டையோ நாடகத்தையோ நேரில் உட்கார்ந்து கேட்கவும் பார்க்கவும் நம்மில் பலருக்கு வருஷத்தில் எத்தனை நாள் வாய்க்கிறது? சபாவுக்குப் போகிற பழக்கம் ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்கு ஊர்த் திருவிழா ஒன்று, கல்யாணம் ஒன்று, அதை விட்டால் வேலை பார்க்கிற இடத்தில் ஆயுத பூஜையோ ஆண்டு விழாவோதான். ஆகவே, அன்றைக்கு மேடையில் யாரை ஏற்றுவது என்று தீர்மானிக்கிற நாலைந்து பேர், தாங்கள் அறியாமலே ஒரு சபாக் காரியதரிசியின் உத்தியோகத்தைச் செய்கிறார்கள். சபாக் காரியதரிசியைவிடப் பெரிய உத்தியோகம் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் அவருடைய ரஸிகன் டிக்கெட் வாங்கியவன். இவர்களுடைய ரஸிகன் வாங்காதவன்.

இந்த வித்தியாசம் சாமானியமானதல்ல. டிக்கெட் வாங்கியவனுக்கு எழுந்து போகிற உரிமை உண்டு. சென்னை சபாக்களில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் காண்டீனைப் பார்த்து நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது மிருதங்க வித்வானுக்குச் செய்கிற அவமரியாதை என்பதில் சந்தேகமில்லை. என்றாலும் அதுவும் ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறாயிருக்கலாம். ஆனால் மேடைக்குத் தெரிகிறது. கம்பெனி விழாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. முன் வரிசையில் ஜெனரல் மானேஜர். இரண்டாவது வரிசையில் தன் மேலதிகாரி. எழுந்து போனால் முதுகை நாலு கண் பார்க்கும். சாப்பாட்டுக் கூப்பன் கையில் இருக்கிறது; சாப்பாடோ நிகழ்ச்சி முடிந்த பிறகுதான். திரும்பிப் போக வேண்டிய பஸ்ஸும் கம்பெனியின் பஸ். மேடையில் நடப்பது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவன் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். கை தட்டியும் ஆக வேண்டும். அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டு, 'நிகழ்ச்சி அமோக வெற்றி' என்று கமிட்டி தன் முதுகைத் தானே தட்டிக் கொள்கிறது. அடுத்த வருஷமும் அதே கோஷ்டிக்கு அழைப்புப் போகிறது.

கமிட்டி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கவனித்தால், மூன்று கேள்விகள்தான் கேட்கப்படுவது தெரியும். பெயருள்ள ஆளா? நம் கையில் இருக்கிற பணத்துக்கு வருவாரா? பெரியவர் மனம் கோணாமல் இருக்குமா? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் மூன்றிலும் நாற்காலியில் உட்காரப் போகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது இதற்கென்றே ஈவெண்ட் கம்பெனிகள் தோன்றிவிட்டதால், அந்த மூன்று கேள்விகளைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. ஒரு பாட்டுக் கோஷ்டி, ஒரு மிமிக்ரி, ஒரு மந்திரஜாலம், கலகலப்பான ஒரு தொகுப்பாளர் என்று கட்டிக் கொடுத்த பொட்டலமாகவே வந்துவிடுகிறது. மளிகைக் கடையில் மாதச் சாமான் வாங்குகிற மாதிரி ஒரு கலை விழாவையே வாங்கிவிடலாம்.

உட்காரப் போகிறவன் யார் என்ற கேள்விக்கு வருவோம். உதாரணத்துக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பு நெசவு ஆலை ஒன்றை எடுத்துக் கொள்ளலாம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. அந்த 48 மணியையும் தறிகளின் இரைச்சலுக்கு நடுவே கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணி வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் காதில் விழக் கூடாது என்பது விதி. பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுவதற்குக் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டிய இடம் தறிக்கூடம். ஆறு நாள் அந்தச் சத்தத்தில் நின்றவனை ஏழாம் நாள், அவனுடைய விடுமுறை நாளில், ஆள் உயர ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் உட்கார வைத்து, 90 டெசிபலைச் சுலபமாகத் தாண்டுகிற பாட்டைப் போட்டு, 'சந்தோஷமாயிரு' என்கிறோம். அவனுடைய காதுக்கு ஓய்வு கொடுப்பதே பெரிய உபசாரம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மெல்லிசை என்ற பெயரில் 'மெல்' என்பது பெயரளவில் நிற்கிறது.

மெல்லிசைக் கச்சேரியை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்கக் கூடாது. ஆயிரம் பேருக்கும் பொதுவாகத் தெரிந்த சங்கீதம் சினிமாப் பாட்டுத்தான். கணக்கப்பிள்ளையும் காவற்காரரும் ஒரே சமயத்தில் உதடசைக்கிற பாட்டு வேறு எது இருக்கிறது? நல்ல கோஷ்டி ஒன்று, சத்தத்தைக் குறைத்து, மூன்று தலைமுறைப் பாட்டுக்களையும் கலந்து பாடினால் பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்களை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதைக் கம்பெனிகள் சௌகரியமாக மறந்துவிடுகின்றன. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கல்யாணத்துக்கும் மதச் சடங்குக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. கம்பெனியின் ஆண்டு விழா கல்யாணமல்ல. 2012-இல் வந்த திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோருடைய பங்கை இன்னும் உறுதிப்படுத்திற்று. பந்தலுக்கும் பிரியாணிக்கும் ரசீது வாங்கி ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர்கள், பாட்டுக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை என்று நினைப்பது நியாயமாகாது.

கர்நாடக சங்கீதக் கச்சேரியை ஆண்டு விழாவில் வைப்பது பெரும்பாலும் முதலாளியின் ரசனைக்காகவே. வித்வானுக்குச் சுருதி சேரவும் மனம் ஒன்றவும் அரை மணியாவது வேண்டும். சபைக்கும் அந்த அரை மணி வேண்டும். வர்ணம் பாடிக் கொண்டிருக்கும்போதே பிரதம விருந்தாளி வந்து இறங்குவார். பாட்டை நிறுத்தி மாலை போடுவார்கள். அப்புறம் 'வித்வான் அவர்கள் தொடரலாம்' என்று மைக்கில் உத்தரவு பிறக்கும். சங்கீதம் குழாய்த் தண்ணீரல்ல, மூடித் திறப்பதற்கு. பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தத்தோடும், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களின் பேச்சோடும் ஒருவர் ராகம் பாட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் சம்மதித்து வருகிற வித்வானைப் பற்றி இரக்கப்படலாம். அவரை அந்த நிலையில் வைத்தவர்களுக்குச் சங்கீதத்தில் பற்று இருக்கிறதாக மட்டும் சொல்ல முடியாது.

பட்டிமன்றம் இன்று எல்லாக் கம்பெனிக்கும் ஏற்ற மருந்தாகிவிட்டது. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் வளர்த்த மேடை அது. இலக்கியத்தை வழக்காடு மன்றமாக்கி, படிக்காதவர்களையும் கம்பனிடம் கூட்டிக் கொண்டு போன மேடை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்த சாலமன் பாப்பையா அதை டெலிவிஷன் மூலம் வீட்டுக் கூடத்துக்கே கொண்டு வந்தார். கம்பெனி விழாவுக்கு அது வரும்போது தலைப்பு மட்டும் கொஞ்சம் இளைத்துப் போகிறது. 'வீட்டில் மகிழ்ச்சி பெருகுவது கணவனாலா, மனைவியாலா?' என்று கேட்டு, இரண்டு மணி நேரம் மனைவியைக் கேலி செய்துவிட்டு, கடைசியில் மனைவியால்தான் என்று தீர்ப்புச் சொல்வார்கள். தீர்ப்பு மங்களமாயிருப்பதால் நடுவில் பேசிய பேச்செல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. வாதம் என்றால் கேட்கிறவனுக்கு அதில் சம்பந்தம் இருக்க வேண்டும். 1965-இல் வந்த போனஸ் சட்டம் குறைந்த அளவாக வைத்த 8.33 சதவிகிதம் போதுமா, போதாதா என்று ஒரு கம்பெனி பட்டிமன்றம் நடத்தட்டும். ஒருவன்கூட எழுந்து போக மாட்டான். அதை எந்தக் கம்பெனியும் நடத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நடத்த முடியாத வாதங்கள் எவை என்று தெரிந்து கொண்டால், நடத்துகிற வாதங்கள் எவ்வளவு பத்திரமானவை என்பது புரியும்.

மிமிக்ரிக்காரர்களையும் ஹாஸ்யப் பேச்சாளர்களையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்க வைப்பது கஷ்டமான கலை. அதில் தேர்ந்தவர்கள் முதலில் தங்களையே கேலி செய்து கொள்வார்கள். தேராதவர்கள் முன் வரிசையிலிருக்கிற பெரிய மனிதரை விட்டுவிட்டு, பத்தாவது வரிசையில் கறுப்பாயிருப்பவனையும், பருமனாயிருக்கிற அம்மாளையும், புதிதாகச் சேர்ந்த பெண்ணையும் பிடித்துக் கொள்வார்கள். அந்தப் பெண்ணால் எழுந்து போகவும் முடியாது. முகம் சுளிக்கவும் முடியாது. 'வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக் கொள்ளத் தெரியாதவள்' என்ற பெயர் வந்துவிடும். மறு நாள் அதே ஆட்களோடு வேலை செய்ய வேண்டும். அந்தச் சிரிப்பு ஒரு வருஷத்துக்கு ஆபீஸ் வராந்தாவில் சுற்றிக் கொண்டிருக்கும். கலைஞர் சன்மானத்தை வாங்கிக் கொண்டு அன்றிரவே ஊருக்குப் போய்விடுவார். இங்கேதான், அழைத்தவர்களின் பொறுப்பு என்ன என்பது முகத்தில் அறைந்தாற்போலத் தெரிகிறது. 'அவர் அப்படிப் பேசுவார் என்று எங்களுக்குத் தெரியாது' என்பது சமாதானமாகாது. தெரிந்து கொள்வதற்குத்தானே கமிட்டி?

இவற்றுக்கு நடுவே, கமிட்டிகளின் கண்ணில் அதிகமாகப் படாத ஒன்று வில்லுப்பாட்டு. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் அம்மன் கோவில் கொடைகளில் பிறந்த கலை. ஒரு வில், ஒரு குடம், ஒரு உடுக்கை, கட்டை, தாளம், ஐந்தாறு பேர். இவ்வளவுதான் சாமான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' போட, சபை தானாகவே அந்த 'ஆமா'வில் சேர்ந்து கொள்ளும். என்.எஸ். கிருஷ்ணன் அதைக் கொண்டு நாட்டு நடப்பைப் பேசினார். கொத்தமங்கலம் சுப்பு காந்தியின் கதையையே வில்லில் ஏற்றினார். 2022-இல் காலமான சுப்பு ஆறுமுகம் எந்த விஷயத்தைக் கொடுத்தாலும் அதைக் கதையும் பாட்டுமாக்கிவிடுவார். ஓர் ஆலையின் கதையை, அதில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெறுகிற ஒருவருடைய கதையை, வில்லில் பாடச் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டால் பாடித் தர ஆட்கள் இருக்கிறார்கள். செலவும் சினிமாப் பாடகர் ஒருவரின் விமான டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் ஆகிறதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கிராமியக் கலைகளைக் கம்பெனிகள் அடியோடு மறந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. வாசலில் வைத்திருக்கிறார்கள். பிரதம விருந்தாளியின் கார் வந்து நிற்கும்போது பறையும் தவிலும் முழங்கும். கரகமும் பொய்க்கால் குதிரையும் பத்து நிமிஷம் ஆடும். விருந்தாளி உள்ளே போனதும், ஆடினவர்களைப் பின்பக்கமாக அனுப்பிவிடுவார்கள். நாற்காலி போட்ட சபைக்கு முன்னால், மேடை மேல், அவர்களை ஏற்றி ஒரு மணி நேரம் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. சாவு வீட்டு வாத்தியம் என்று பல காலம் ஒதுக்கி வைத்த பறைக்காக மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சர்க்கார் டில்லிக்குக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுக்கிற வாத்தியத்துக்கு, நம் ஊர்ப் பந்தலில் இன்னும் வாசல்படி தாண்ட அனுமதியில்லை. யார் வாசலில் நிற்பது, யார் மேடையில் உட்காருவது என்ற பழைய கணக்கை, கம்பெனி தன்னை அறியாமலே புதிதாக எழுதிக் கொண்டிருக்கிறது.

வெளியிலிருந்து யாரையும் கூப்பிடாமல், வேலை செய்கிறவர்களே மேடையேறுவது ஒரு வழி. இதன் பெருமை பலருக்கு மறந்து போய்விட்டது. நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். ரயில்வே நாடகம் ஒன்றில் வயிற்று வலிக்காரனாகச் சிறிய வேஷம் போட்டபோது, தலைமை வகித்த எம்.ஜி.ஆர். பாராட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் வேலை பார்த்துக் கொண்டே நாடகம் எழுதினவர். 'மேஜர் சந்திரகாந்த்' ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தமிழில் சபாக்களுக்கு வந்து, 1966-இல் படமாயிற்று. கிரேஸி மோகன் கிண்டியில் என்ஜினீயரிங் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் இருப்பவனிடம் என்ன இருக்கிறது என்று மேலதிகாரிக்குத் தெரியாது. பல சமயம் அவனுக்கே தெரியாது. ஒரு மேடையும் இரண்டு மாத ஒத்திகையும் கிடைத்தால் தெரிய வரும். நாகேஷுக்குப் பெரிய வேஷமா கொடுத்தார்கள்? ஒரு வயிற்று வலிதான்!

ஆனால் இந்த வழியிலும் குழிகள் உண்டு. மானேஜர் மகளின் நாட்டியம் என்றால், அது எட்டு உருப்படியானாலும் ஒன்றைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. இப்போது ஐ.டி. கம்பெனிகளில் வேறொரு பழக்கம் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன்களையும் பெண்களையும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஆட்டத்துக்கு ஒத்திகை பார்க்கச் சொல்கிறார்கள். ஆட இஷ்டமில்லை என்றால், 'கூட்டத்தோடு சேராதவன்' என்று குறித்துக் கொள்கிறார்கள். பார்க்கிறவனுக்கு எழுந்து போகும் உரிமை இல்லை என்று பார்த்தோம். இங்கே ஆடுகிறவனுக்கும் அது இல்லாமற் போகிறது. மனமிசைந்து ஆடுகிறவனுடைய ஒரு தப்படி, கட்டாயத்துக்காக ஆடுகிற நூறு பேருடைய ஒழுங்கான அடிகளைவிடக் கண்ணுக்கு நன்றாயிருக்கும்.

எல்லாவற்றையும்விட நிகழ்ச்சி நிரலையே முதலில் திருத்த வேண்டும். இறைவணக்கம், வரவேற்பு, ஆண்டறிக்கை, பிரதம விருந்தாளியின் உரை, தலைவரின் உரை, நீண்ட காலச் சேவைக்குப் பரிசு, நன்றியுரை. அப்புறம்தான் கலை நிகழ்ச்சி. ஆறு மணிக்கு வந்த குழந்தை எட்டரைக்குத் தூங்கிவிடும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஆக, கலைக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதிலும் சாப்பாட்டு வரிசை பாதியைத் தின்றுவிடும். பேச்சை அரை மணியில் முடித்துக் கொண்டு, குழந்தைகள் விழித்திருக்கும்போதே திரையைத் தூக்கினால், பாதிக் குறைகள் பணம் செலவில்லாமலே தீரும். கலைஞர்களுக்கும் முன்னதாகச் சாப்பாடு போட்டு, பேசிய தொகையை அன்றைக்கே கையில் கொடுத்து, பாடுகிறபோது பந்தி பரிமாறாமலிருந்தால் மீதியில் பெரும்பங்கு தீரும்.

யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு என்னிடம் பட்டியல் கிடையாது. ஒரு யோசனைதான் உண்டு. கமிட்டியில் கடைசி வரிசைக்காரர்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். காண்டீனில் இலை எடுக்கிற அம்மாள், இரவுக் காவற்காரர், போன மாதம் சேர்ந்த பயிற்சிப் பையன் — இப்படி மூன்று பேர். 'உங்கள் வீட்டுக் கிழவியையும் குழந்தையையும் கூட்டிக் கொண்டு வந்தால் எதைப் பார்க்க ஆசைப்படுவீர்கள்?' என்று அவர்களைக் கேட்கட்டும். பதில் நமக்குப் பிடித்த கலையாக இல்லாமற் போகலாம். கரகாட்டம் என்பார்கள், சினிமாப் பாட்டு என்பார்கள், சும்மா பேசிக் கொண்டிருக்க விடுங்கள் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், அந்தக் கலையில் கிடைக்கிற மிக நல்ல ஆளைத் தேடிப் பிடிப்பது கமிட்டியின் வேலை. கலையின் தரத்தைக் கமிட்டி பார்த்துக் கொள்ளட்டும். கலை எது என்பதைச் சபை சொல்லட்டும்.

கூடவே இன்னும் ஒரு காரியம் செய்யலாம். சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு முன்பே போட்டுவிட்டு, பஸ்களில் இரண்டை முன்னதாகவே புறப்படச் சொல்லி, வாசலையும் திறந்து வைக்கலாம். போகிறவர்கள் போகட்டும். அதற்கப்புறம் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ, அத்தனை பேரும் மேடைக்காக உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் தட்டுகிற கையை நம்பி அடுத்த வருஷத்துக்கு அழைப்பு எழுதலாம்.